மீண்டும் வருபவரின் பதிவு



ஒருவர் அரசு மருத்துவமனையில் ஒரு நோய்க்காகப் பெயர் பதிந்துகொள்கிறார். சிகிச்சை முடிகிறது, அல்லது பாதியில் நின்றுபோகிறது. ஓராண்டோ இரண்டாண்டோ கழித்து அவரே அதே நோயோடு திரும்பி வருகிறார், பெரும்பாலும் வேறு ஊரில், வேறு மருத்துவமனையில். கணினியில் அவரை எப்படிப் பதிவது? புது ஆளாகப் பதிந்தால் பழைய கதை அறுந்துபோகும். பழைய பதிவையே திறந்து அதன்மேல் எழுதினால் முதல் சிகிச்சையின் சுவடு அழிந்துவிடும். பொதுச் சுகாதாரத் தகவல் அமைப்புகளில் இதைவிட அடிப்படையான கேள்வி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ஒரு மென்பொருளை வாங்கும்போதும் வடிவமைக்கும்போதும் கடைசியாகத்தான் இது மேசைக்கு வருகிறது. இன்றைய உரையை முழுக்க இதற்கே ஒதுக்குகிறேன். காசநோயை முதன்மை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். என் பணிக்காலத்தின் பெரும்பகுதி அதில்தான் கழிந்தது. இந்தக் கேள்வி மிகக் கடுமையாக எழுவதும் அந்த நோயில்தான்.

சென்னைக்கு இதில் ஒரு பெருமை உண்டு. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை சேர்ந்து காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தை இங்கே தொடங்கின. மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் அதற்குத் தலைமை ஏற்றார். சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். அந்த நாளில் காசநோய் என்றால் சானடோரியம். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, படுக்கையில் ஓய்வு இவை இல்லாமல் நோய் தீராது என்பது மருத்துவர்களின் உறுதியான நம்பிக்கை. நெரிசலான குடியிருப்பில், அரை வயிற்றுச் சாப்பாட்டோடு, வீட்டிலேயே இருந்து மாத்திரை மட்டும் சாப்பிட்டால் குணமாகுமா என்று அந்த மையம் கேட்டது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரைச் சானடோரியத்துக்கும் மறு பகுதியினரை வீட்டுக்கும் அனுப்பியது. 1959-இல் முடிவு வெளிவந்தது: ஓராண்டு முடிவில் இரு பகுதியினருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வீட்டில் உடன் இருந்தவர்களை ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்தார்கள். நோயாளி வீட்டில் இருந்த காரணத்தால் அவர்களுக்கு நோய் கூடுதலாகப் பரவவில்லை என்பதும் தெரிந்தது. உலகம் முழுவதும் சானடோரியங்கள் மூடப்பட்டதில் இந்த ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு.

மருந்தின் வெற்றியாக இதை எல்லோரும் சொல்வார்கள். என் பார்வையில் இது பதிவேட்டின் வெற்றியும்கூட. கணினி இல்லாத காலம் அது. முன்கூட்டிச் சொல்லாமல் வீட்டுக்குப் போய் மிச்சமிருக்கும் மாத்திரைகளை எண்ணினார்கள். மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று சிறுநீரைச் சோதித்தார்கள். நோயாளி வீடு மாறினால் தேடிக் கண்டுபிடித்தார்கள். ஒருவருக்கு நோய் திரும்பினால் அது அவருடைய வரிசையிலேயே ஏறியது. இன்னொரு புதிய ஆளாக எங்கோ போய் உட்காரவில்லை. ஐந்தாண்டு முழுக்க ஓர் ஆள் ஓர் ஆளாகவே இருந்தார். அது மட்டும் சறுக்கியிருந்தால் அந்த ஆய்வால் எதையும் நிரூபித்திருக்க முடியாது.

சில நூறு பேரிடம் செய்ய முடிந்ததை ஒரு நாடு முழுக்கச் செய்யப் போகும்போதுதான் சிக்கல் தொடங்கியது. 1997-இல் திருத்திய தேசிய காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. ஒவ்வொரு காசநோய்ப் பிரிவிலும் ஒரு பெரிய பதிவேடு இருக்கும். ஆண்டு பிறந்தால் வரிசை எண் ஒன்றிலிருந்து தொடங்கும். நோயாளி எந்த வகை என்று எழுத ஒரு கட்டம் உண்டு: புதியவர், மறுதாக்கம், மருந்து பலிக்காதவர், இடையில் நிறுத்தித் திரும்பியவர், மாறுதலாகி வந்தவர். அவர் பழையவர் என்பதை அந்தக் கட்டம் சொல்லும். எங்கே, எந்த ஆண்டு, எந்த எண்ணில் இருந்தார் என்பதைச் சொல்லாது. அதற்கு மேற்பார்வையாளரின் ஞாபகத்தைத்தான் நம்பியிருந்தோம். அவர் மாறுதலில் போனால் ஞாபகமும் கூடவே போய்விடும்.

அந்தக் கட்டத்தில் இன்னொரு சங்கடமும் இருந்தது. அப்போதைய முறைப்படி பழைய நோயாளிக்குத் தனி மருந்து வரிசை, எட்டு மாதம். அதில் முதல் இரண்டு மாதம் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி. ஊசிக்குப் பயந்து, முன்பு மருந்து சாப்பிட்டதை மறைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால் தண்டனை என்று ஆகிவிட்ட இடத்தில் எந்தப் பதிவேடும் சரியாக இருக்காது. 2017-இல் உலக சுகாதார நிறுவனம் அந்த வரிசையைக் கைவிடச் சொன்னது, இந்தியாவும் கைவிட்டது. இப்போது புதியவரானாலும் பழையவரானாலும் முதலில் சளியை சிபிநாட் அல்லது ட்ரூநாட் கருவியில் சோதித்து, ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமா என்று பார்த்துவிட்டுத்தான் மருந்தை முடிவு செய்கிறோம். ஊசிப் பயம் போய்விட்டது. மறைக்கும் பழக்கம் மட்டும் முழுக்கப் போகவில்லை.

ஒரு வட்ட மருத்துவமனையில் பார்த்ததைச் சொல்கிறேன். செங்கல் சூளையில் வேலை பார்க்கும் ஒருவர், நாற்பது வயதிருக்கலாம், மனைவியோடு வந்திருந்தார். சளியில் கிருமி இருப்பதாக முடிவு வந்துவிட்டது. பதிவு செய்யும் பெண் கணினியைப் பார்த்தபடியே கேட்டார்: “இதுக்கு முன்னாடி டிபி மாத்திரை சாப்பிட்டிருக்கீங்களா?” “இல்லைங்க.” விரல் அடுத்த கட்டத்துக்குப் போனது. பக்கத்தில் இருந்த முதுநிலை சிகிச்சை மேற்பார்வையாளர் வயதில் மூத்தவர். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மனைவியைப் பார்த்துக் கேட்டார்: “ஏம்மா, எப்பவாவது மாத்திரை சாப்பிட்டு இவருக்கு ஒண்ணுக்கு செவப்பா போச்சா?” அந்த அம்மா உடனே சொன்னார்: “ஆமா சார், திருப்பூர்ல இருக்கும்போது. பயந்துபோய்ட்டோம்.”

ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு கலந்த சிவப்பாகப் போகும். வேறு எதை மறந்தாலும் குடும்பத்தார் அதை மறப்பதில்லை. மேற்பார்வையாளர் அதற்குப் பிறகு கணினியில் தேடத் தொடங்கினார். பெயரின் எழுத்து மாறியிருந்தது. செல்பேசி எண் பழைய முதலாளியுடையது. சொந்த ஊரையும் தகப்பனார் பெயரையும் வைத்துக்கொண்டு, திருப்பூரில் உள்ள பிரிவுக்கும் போன் போட்டு, கடைசியில் பிடித்துவிட்டார். இரண்டாவது மாதத்தோடு நின்றுபோன பதிவு. தொடர்பு அறுந்தவர் என்று மூடியிருந்தார்கள். அதன் குறிப்பில் ஒரு வரி: மஞ்சள் காமாலை.

அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் காட்சியைச் சொன்னேன். காசநோய் மருந்துகளில் மூன்று ஈரலைப் பாதிக்கக்கூடியவை. முன்பு மருந்தால் காமாலை வந்தவருக்கு எல்லா மாத்திரைகளையும் முதல் நாளே முழு அளவில் கொடுக்கக் கூடாது. ஈரல் பரிசோதனை செய்துவிட்டு ஒவ்வொன்றாகத் தொடங்க வேண்டும். அவர் பொறுப்பில்லாமல் மருந்தை நிறுத்தவில்லை. காமாலை வந்து, வேலைக்குப் போக முடியாமல், ஊர் திரும்பிவிட்டார். புதியவர் என்று பதிவாகியிருந்தால் அதே மருந்து அதே அளவில் கைக்கு வந்திருக்கும். சரியான பதிவு என்பது புள்ளிவிவரக்காரர்களின் கவலை என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த மனிதரின் ஈரலுக்கும் அதில் பங்கு இருந்தது.

இனி கணினிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்படும் டி.எச்.ஐ.எஸ்.-2 என்ற இலவச மென்பொருள் இன்று 80-க்கும் மேற்பட்ட நாடுகளில் பயன்படுகிறது. நிறவெறி ஆட்சி முடிந்த தென்னாப்பிரிக்காவில் 1990-களில் இந்த முயற்சி தொடங்கியது. இதன் இரண்டாம் பதிப்பு முதன்முதலில் களத்துக்கு வந்தது நம் பக்கத்துக் கேரளத்தில், 2006-இல். ஆரம்பத்தில் அது மொத்த எண்ணிக்கைகளை மட்டும் சேர்த்தது: இந்த மாதம் எத்தனை பிரசவம், எத்தனை தடுப்பூசி என்று. ஆளாளாகப் பின்தொடரும் டிராக்கர் என்ற பகுதி பிறகு வந்தது. 2020 ஜனவரி இறுதியில், இலங்கையில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்ட நாட்களில், வெளிநாட்டிலிருந்து வரும் பயணிகளைப் பின்தொடர இலங்கைச் சுகாதார அமைச்சும் அங்கிருந்த மென்பொருள் குழுவும் சேர்ந்து இந்த டிராக்கரைத்தான் வெகு விரைவாக அமைத்தன. பிறகு பல நாடுகள் அதை எடுத்துக்கொண்டன.

டிராக்கரின் கட்டமைப்பு மூன்று அடுக்கு. அடியில் ஆள்: பெயர், பாலினம், பிறந்த தேதி, அடையாள எண். அதன்மேல் சேர்க்கை: இந்த ஆள் இந்தத் திட்டத்தில் இந்தத் தேதியில் சேர்ந்தார். அதன்மேல் நிகழ்வு: இன்று வந்தார், எடை இவ்வளவு, சளி முடிவு இது. ஆள் ஒருவர்தான். சேர்க்கை பலவாக இருக்கலாம். ஒவ்வொரு சேர்க்கைக்குள்ளும் நிகழ்வுகள் பல. நம்முடைய காசநோய்த் திட்டத்தின் நிக்‌ஷய் என்ற கணினிப் பதிவு முறை 2012-இல் தொடங்கியது. அதிலும் இப்போது ஆள் தனி, அவருடைய ஒவ்வொரு சிகிச்சைக் காலமும் தனி எண்ணோடு தனி என்ற ஏற்பாடு வந்திருக்கிறது. இந்தப் பிரிப்பை நான் மனமார வரவேற்கிறேன்.

டிராக்கரில் ஒரு திட்டத்தை அமைக்கும்போது ஒரு சிறு கட்டம் வரும்: இந்தத் திட்டத்தில் ஒருவர் வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் சேரலாமா? டிக் போட்டால் போட்டதுதான். சிகிச்சை முடித்துப் போனவர் திரும்பி வந்தால், அவர் பெயரில் புதிய சேர்க்கையைத் திறக்கவே கணினி விடாது. டிக் போடாவிட்டாலும் ஒரு நேரத்தில் ஒரு சேர்க்கைதான் நடப்பில் இருக்கலாம். பழையதை முடித்தால்தான் புதியது. தலைநகரத்தில் ஏதோ ஓர் அறையில், திட்டத்தை அமைப்பவர் அரை நிமிடத்தில் கடந்துபோகும் கட்டம் இது. வரிசையில் இருபது பேர் நிற்க, கிராமத்தில் கணினி முன் உட்கார்ந்திருக்கும் ஊழியர் அதன் விளைவைச் சுமக்கிறார். கணினி விடாதபோது அவர் என்ன செய்வார்? பெயரில் ஓர் எழுத்தை மாற்றி, புதிய ஆளாக உள்ளே நுழைப்பார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்; நோயாளிக்கு மாத்திரை கொடுத்தாக வேண்டுமே. இரட்டைப் பதிவுகளில் பெரும்பகுதி ஊழியரின் கவனக்குறைவால் வருவதில்லை. வேறு வழி விடாத அமைப்பால் வருகிறது.

எங்கே டிக் போட வேண்டும், எங்கே கூடாது என்பதை மென்பொருள் தெரிந்தவர் மட்டும் முடிவு செய்ய முடியாது. நோயைத் தெரிந்தவர் கூட உட்கார வேண்டும். குழந்தைத் தடுப்பூசிக்கு வாழ்நாளில் ஒரு சேர்க்கை போதும். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் இவையும் அப்படியே: ஆறு மாதம் வராமல் இருந்து திரும்பி வந்தாலும் அதே சேர்க்கை தொடர வேண்டும். எச்.ஐ.வி.-யில் இது இன்னும் முக்கியம். மருந்தை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தவரைப் புதிதாகச் சேர்த்தால், புதிதாகச் சிகிச்சை தொடங்கியவர் எண்ணிக்கை பொய்யாக உயரும். அவர் உடலில் எந்த மருந்து எவ்வளவு காலம் போயிருக்கிறது என்ற கணக்கும் அறுந்துவிடும். காசநோய் அப்படியல்ல. ஆறு மாதச் சிகிச்சை முடிந்து குணமானவருக்கு மறுபடி வந்தால் அது தனிச் சேர்க்கைதான். பழைய கிருமியே மீண்டும் தலை தூக்கியிருக்கலாம். வேறொருவரிடமிருந்து புதிதாகத் தொற்றியிருக்கலாம். மரபணு வரிசையைப் படித்தால்தான் இரண்டையும் பிரித்தறிய முடியும். எதுவானாலும் புதிய சளி, புதிய பரிசோதனை, புதிய முடிவு. இரண்டு சேர்க்கைகளும் ஒரே ஆளின் கீழ் அடுத்தடுத்து நிற்க வேண்டும்.

கர்ப்பிணிப் பதிவுக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் இது எல்லோருக்கும் பழகிய விஷயம். நம் மாநிலத்தின் பிக்மி என்ற கர்ப்பிணிப் பதிவு முறையில் பதிந்து, ஆர்.சி.எச். என்ற தாய்-சேய் நல அடையாள எண் வாங்காத கர்ப்பிணி இன்று அரிது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியும் இந்தப் பதிவோடு இணைந்தது. இங்கே மறுசேர்க்கை இயல்பானது: அடுத்த கர்ப்பம் என்றால் அடுத்த சேர்க்கை. ஆனால் இரண்டு இடங்களில் கால் இடறும்.

ஒன்று, தாய்வீடு. வளைகாப்பு முடிந்து ஏழாம் மாதம் அம்மா வீட்டுக்குப் போகிறவள் வேறு வட்டாரத்துக்கு, சில சமயம் வேறு மாவட்டத்துக்கே போகிறாள். அங்கே உள்ள கிராம சுகாதார செவிலியருக்கு அவள் புது முகம். மறுபடி பதிந்தால் ஒரே வயிற்றில் இருக்கும் ஒரே குழந்தைக்கு இரண்டு கர்ப்பப் பதிவுகள். அவற்றில் ஒன்று பிரசவமே நடக்காமல் அந்தரத்தில் தொங்கும். நம் பெண்கள் தாய்வீடு போவார்கள் என்பது மென்பொருள் எழுதுவதற்கு வெகு காலத்துக்கு முன்பிருந்தே எல்லோருக்கும் தெரிந்த சேதி. ஆகவே சேர்க்கை ஒன்றாகவே இருக்க, வருகைகள் மட்டும் வேறு வேறு ஊரில் பதிவாகும்படி அமைப்பது வடிவமைப்பாளரின் கடமை.

மற்றொன்று வேதனையானது. மூன்றாம் மாதத்தில் கரு கலைந்துவிடுகிறது. வீட்டில் நடந்தாலோ தனியார் கிளினிக்கில் நடந்தாலோ அது பதிவுக்கு வராது. அந்தப் பெண்ணும் அதைப் பற்றிப் பேசும் மனநிலையில் இருக்க மாட்டாள். சில மாதம் கழித்து மறுபடி கர்ப்பம். பழைய சேர்க்கை இன்னும் திறந்தே கிடக்கிறது; கணினி புதியதை அனுமதிக்காது. செவிலியர் என்ன செய்கிறார்? பழைய சேர்க்கையில் கடைசி மாதவிடாய்த் தேதியை மட்டும் மாற்றிவிடுகிறார். வேலை முடிந்தது. ஆனால் நடந்த கருச்சிதைவு அரசாங்கத்தின் பார்வையிலிருந்து மறைந்துவிட்டது. பிரசவ அறை மருத்துவர் பார்க்கும் சீட்டில் கர்ப்பங்களின் எண்ணிக்கை உண்மையைவிட ஒன்று குறைந்திருக்கும். திரும்பத் திரும்பக் கரு கலையும் பெண்ணுக்குத் தைராய்டு, சர்க்கரை, கருப்பைக் கோளாறு என்று தேட வேண்டிய காரணங்கள் உண்டு. தேட வேண்டும் என்ற எண்ணமே எழாதபடி ஒரு தேதித் திருத்தம் செய்துவிடுகிறது. திறந்திருக்கும் சேர்க்கையைக் கருச்சிதைவு என்று குறித்து மூடிவிட்டுப் புதியதைத் திறக்க இரண்டு தட்டல் போதும் என்று அமைத்திருந்தால் அந்தச் செவிலியர் அப்படித்தான் செய்திருப்பார்.

ஒரு கணக்கையும் பார்த்துவிடுவோம். இது எடுத்துக்காட்டுக்காக நான் போடும் கணக்கு. ஒரு மாவட்டத்தில் ஓராண்டில் 1,000 காசநோய்ப் பதிவுகள். அவற்றில் 900 சிகிச்சை முடித்தவை. 100 தொடர்பு அறுந்தவை. வெற்றி 90 சதவீதம். அந்த நூற்றில் 60 பேர் உண்மையில் மாவட்டத்துக்குள்ளேயே வேறு இடத்தில் மறுபடி பதிந்து சிகிச்சையை முடித்துவிட்டார்கள். தொள்ளாயிரத்தில் அவர்களும் இருக்கிறார்கள். அப்படியானால் ஆட்கள் 940 பேர்தான். முடித்தவர்கள் 900, அறுந்தவர்கள் 40. வெற்றி கிட்டத்தட்ட 96 சதவீதம். நோய் இருந்ததைவிடக் கூடுதலாகவும், ஊழியர்களின் உழைப்பு இருந்ததைவிடக் குறைவாகவும் தெரிந்திருக்கிறது. ஆப்பிரிக்க நாடுகளில் எச்.ஐ.வி. சிகிச்சையில் தொடர்பு அறுந்தவர்களைத் தேடிப் போன ஆய்வுகளும் இதைத்தான் கண்டன: கணிசமானோர் சொல்லாமல் வேறு மருத்துவமனைக்கு மாறி மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சிலர் இறந்திருந்தார்கள். பதிவேட்டில் இரு சாராருக்கும் ஒரே குறிப்பு.

2024-இல் இந்தியாவில் சுமார் 26 லட்சம் காசநோய்ப் பதிவுகள். உலகக் காசநோய்ச் சுமையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நம்முடையது. இத்தனை பெரிய எண்ணில் இரட்டைப் பதிவு சிறு விகிதமாக இருந்தாலும் அது ஆயிரக்கணக்கான மனிதர்கள். இரட்டைப் பதிவைக் களைந்தால் மாவட்டத்தின் பதிவு எண்ணிக்கை குறையும். இலக்கை எட்டினோமா என்று மாதாமாதம் கேட்கப்படும் அதிகாரிக்குக் களைய மனம் வருமா? பதிவு எண்ணிக்கையை மட்டும் வைத்து மாவட்டங்களை வரிசைப்படுத்தும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று இந்த மேடையிலிருந்து வேண்டிக்கொள்கிறேன்.

ஒரே ஆள்தான் என்று கண்டுபிடிப்பது எப்படி? ஆவணங்களை இணைக்கும் கலைக்குக் கணித அடித்தளம் இட்டவர்கள் ஐவன் ஃபெலஜி, ஆலன் சண்டர் என்ற இருவர். கட்டுரை வெளிவந்த ஆண்டு 1969. பெயர் ஒத்தால் இவ்வளவு மதிப்பெண், பிறந்த தேதி ஒத்தால் இவ்வளவு, ஒவ்வாவிட்டால் கழிவு. மொத்தம் ஓர் எல்லையைத் தாண்டினால் ஒரே ஆள், மற்றொரு எல்லைக்குக் கீழே போனால் வேறு ஆள். நடுவில் விழுபவற்றை மனிதர் பார்க்க வேண்டும். இந்த நடுப்பகுதியை அவர்கள் ஒதுக்கி வைத்தது எனக்கு மிகவும் பிடித்தது. இன்றும் அதுவே சரியான வழி.

ஆனால் மதிப்பெண்களை நம் பெயர்களுக்கு ஏற்றபடி நாம்தான் போட வேண்டும். ஒலியை வைத்துப் பெயர்களைச் சேர்க்கும் சவுண்டெக்ஸ் முறை 1918-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. குடும்பப் பெயருக்காகச் செய்யப்பட்டது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. முன்னெழுத்து உண்டு, பெண்ணுக்குத் திருமணத்துக்கு முன் அப்பாவின் எழுத்து, பின் கணவரின் எழுத்து. அதே ஆள், ஆனால் முதல் எழுத்தே மாறிவிடுகிறது. பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது லட்சுமி பல வடிவம் எடுக்கிறாள். ழகரத்துக்கு ஒருவர் இசட்-எச் போடுகிறார், இன்னொருவர் எல் போடுகிறார். வயதைக் கேட்டால் பெரியவர்கள் நாற்பத்தைந்து, ஐம்பது என்று ஐந்திலும் பத்திலும்தான் சொல்வார்கள். செல்பேசி எண் மகனுடையதாகவோ பக்கத்து வீட்டுடையதாகவோ இருக்கும். என் அனுபவத்தில் அதிகம் மாறாதவை தகப்பனார் பெயரும் சொந்த ஊரும். பதிவுப் படிவத்தில் இந்த இரண்டையும் தமிழ் எழுத்தில் வாங்கி வைப்பது, ஆங்கிலத்தில் வாங்கும் ஐந்து விவரங்களைவிடப் பயன் தரும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் நம் சூளைகளுக்கும் ஆலைகளுக்கும் வருபவர்களின் பெயரை அவர்கள் கையில் இருக்கும் அட்டையைப் பார்த்து எழுத வேண்டும். காதில் விழுந்தபடி எழுதினால் பிறகு யாராலும் தேட முடியாது.

ஆதார் எண்ணோ, 2021 முதல் நாடு முழுவதும் வழங்கப்படும் 14 இலக்க ஆபா என்ற சுகாதார அடையாள எண்ணோ இருந்தால் இதெல்லாம் தேவையில்லையே என்று கேட்கலாம். எண் உதவும். ஆனால் எண் இல்லாமல் வருபவர்களில்தான் தெருவில் வசிப்பவரும், புலம்பெயர்ந்த தொழிலாளியும், வீட்டுக்குத் தெரியாமல் வருபவரும் அதிகம். இவர்களே திரும்பி வரும் வாய்ப்பு அதிகம் உள்ளவர்களும். எண் இல்லை என்பதற்காக ஒருவருக்கும் மருந்து தாமதமாகக் கூடாது.

பிழையில் இரண்டு வகை. ஒருவரை இருவராக எண்ணுவது ஒன்று. இருவரை ஒருவராகச் சேர்த்துவிடுவது மற்றொன்று. முதலாவது கணக்கைக் கெடுக்கும். சில நேரம் ஆளையும் கெடுக்கும். இரண்டாவது ஆளையே கொல்லக்கூடும். முருகன் என்ற பெயரில், ஒரே ஊரில், ஒரே வயதில் இருவர் இருப்பது அதிசயமல்ல. ஒருவரின் எச்.ஐ.வி. முடிவு மற்றவரின் ஏட்டில் ஏறினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே கணினி தானாகவே இரண்டு பதிவுகளை இணைப்பதை நான் ஏற்கவில்லை. இவர் அவராக இருக்கலாம் என்று கணினி காட்டட்டும். அவரைத் தெரிந்த ஊழியர் நேரில் கேட்டு உறுதி செய்யட்டும். இணைத்தவர் யார், எப்போது என்பது பதிவாகட்டும். தவறு என்று தெரிந்தால் மறுபடி பிரிக்க வழி இருக்கட்டும். பிரிக்க வழியில்லாத இணைப்பு வசதியை எந்த நிறுவனம் விற்றாலும் வாங்காதீர்கள்.

தேடுவதிலும் ஆபத்து உண்டு. பழைய பதிவைத் தேட வேண்டுமானால், தேடுபவரின் திரையில் மற்றவர்களின் பெயரும் நோயும் விரியும். ஊரில் யாருக்குக் காசநோய் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு இதைவிட எளிய வழி வேண்டாம். பெண்ணின் திருமணம் நின்றுபோக அது போதும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு இயற்றப்பட்ட எச்.ஐ.வி. சட்டமும் இரகசியத்தை வலியுறுத்துகிறது. டிராக்கரில் இதற்கு ஓர் ஏற்பாடு இருக்கிறது. குறைந்தது இத்தனை விவரம் தந்தால்தான் தேடல் நடக்கும் என்று வைக்கலாம். வேறு மருத்துவமனையின் நோயாளியைத் திறக்க வேண்டுமானால் காரணம் எழுத வேண்டும். யார் திறந்தார்கள் என்பது நிலைத்து நிற்கும். அந்தக் குறிப்புகளை மாதம் ஒருமுறை யாராவது உட்கார்ந்து படிக்கவும் வேண்டும். படிக்காத குறிப்பால் யாரும் பயப்பட மாட்டார்கள்.

கடைசியாக, திரும்பி வருபவருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சிகிச்சை முடித்தவரை 6, 12, 18, 24-ஆம் மாதங்களில் மறுபடி பார்க்க வேண்டும் என்று நம் தேசியத் திட்டத்தின் வழிகாட்டியே சொல்கிறது. நோய் திரும்புவது பெரும்பாலும் முதல் ஓராண்டுக்குள். ஆனால் சிகிச்சை முடிந்தது என்று சேர்க்கையை மூடியதும் அந்தப் பெயர் ஊழியரின் அன்றாடப் பட்டியலிலிருந்து இறங்கிவிடுகிறது. நான்கு தேதிகளும் வழிகாட்டியில் இருக்கின்றன; செவிலியர் காலையில் திறக்கும் திரையில் இல்லை. மூடிய சேர்க்கையிலிருந்தும் இந்த நான்கு நினைவூட்டல்கள் வந்துகொண்டிருக்கும்படி செய்வது, இங்கே அமர்ந்திருக்கும் கணினித் துறை மாணவர்களுக்கு ஒரு வார வேலை. செய்ய முன்வருபவர்கள் முதலில் ஒரு வாரம் ஏதாவது ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்தச் செவிலியரின் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அவர் எந்தத் திரையை எத்தனை மணிக்குத் திறக்கிறார், சிக்னல் எப்போது போகிறது, எந்தக் கட்டத்தைத் தவிர்க்க என்ன எழுதுகிறார் என்று குறித்துக்கொண்டு, அதற்குப் பிறகு எழுதத் தொடங்குங்கள்.